மின்னூல் விலையும் அச்சுநூல் விலையும்: ஓர் ஆய்வு

முன்னுரை

"தாள் இல்லை, மை இல்லை, கட்டு இல்லை, பின் விலை மட்டும் எதற்கு?" மின்னூலின் விலையைக் காணும் மாணவர் பலரும் எழுப்பும் வினா இது. "நூல் என்பது தாளும் மையும்தானா? எழுதியவனின் உழைப்புக்கு விலை இல்லையா?" என்பது எழுத்தாளர் தரப்பிலிருந்து எழும் எதிர்வினா. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் இரண்டும் பாதி உண்மைகளே. மின்னூல் அச்சுநூலைவிடக் குறைந்த விலைக்கு விற்கப்பட வேண்டுமா, வேண்டுமெனில் எவ்வளவு குறைவாக, அக்குறைவின் சுமையை யார் ஏற்பது என்பனவற்றைப் பொருளியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூல் அச்சேறியது. 1820-ஆம் ஆண்டையொட்டி மீட் பாதிரியார் நாகர்கோவிலில் அச்சகம் நிறுவினார். இன்று அதே நாகர்கோவிலிலிருந்து காலச்சுவடு பதிப்பகம் தமிழ்கூறு நல்லுலகெங்கும் நூல்களை அனுப்பி வருகிறது. அச்சின் வரலாற்றில் பங்கு கொண்ட இம்மண்ணின் மாணவர்கள், அச்சுக்குப் பின் வந்த வடிவத்தின் விலையைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமே.

விலைக்குள் அடங்கியவை

ஒரு நூலுக்கு ஆகும் செலவை இரு கூறாகப் பிரிக்கலாம். முதலாவது, முதற்படி உருவாகும் வரை ஆகும் செலவு. கையெழுத்துப்படியைச் செப்பனிடல், எழுத்துக் கோத்தல், மெய்ப்புத் திருத்தல், அட்டை வரைதல் முதலியன இதில் அடங்கும். ஒரு படி விற்றாலும் ஓராயிரம் படி விற்றாலும் இச்செலவு மாறுவதில்லை. இரண்டாவது, ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே ஆகும் செலவு. தாள், அச்சுக்கூலி, கட்டுக்கூலி, வண்டிச்சத்தம் ஆகியன இவ்வகையின.

மின்னூலில் இரண்டாவது செலவு ஏறத்தாழ மறைந்து விடுகிறது. ஆயிரத்தோராவது படிக்கு ஆகும் செலவு அநேகமாகச் சுழியமே. ஆனால் முதலாவது செலவு அப்படியே நிற்கிறது. மெய்ப்புப் பார்ப்பவரின் கண்வலி, நூல் தாளில் வருகிறதா திரையில் வருகிறதா என்பதைப் பார்த்துக் குறைவதில்லை. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அந்நூலின் பெருஞ்செலவு தாளில் இருந்ததா? ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்ததிலும், பாடங்களை ஒப்பு நோக்கியதிலுமன்றோ இருந்தது? அவ்வுழைப்பு எவ்வடிவத்திலும் உழைப்பே.

இவற்றின் மேல் மூன்று பங்குகள் ஏறுகின்றன: விற்பனையாளரின் கழிவு, எழுத்தாளரின் உரிமைத்தொகை, அரசின் வரி. விலைச் சிக்கலின் முடிச்சு இம்மூன்றில்தான் இருக்கிறது என்பது கணக்கிட்டால் புலனாகும்.

ஒரு கணக்கு

ரூ. 200 விலையுள்ள அச்சுநூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்கத்தின் பொருட்டு நாமே அமைத்துக்கொள்ளும் கணக்கு இது. கடைக்காரருக்குக் கழிவு 35 விழுக்காடு, அதாவது ரூ. 70. எழுத்தாளருக்கு உரிமைத்தொகை 10 விழுக்காடு, ரூ. 20. தாள், அச்சு, கட்டு ஆகியவற்றுக்கு ரூ. 60. எஞ்சுவது ரூ. 50. இதில் கிடங்கு, போக்குவரத்து, விற்காமல் தேங்கிய படிகளின் இழப்பு ஆகியவற்றுக்கு ரூ. 15 கழித்தால், முதற்படிச் செலவுக்கும் பதிப்பாளர் ஊதியத்துக்கும் ரூ. 35 நிற்கும்.

இதனையே மின்னூலாக்குவோம். அச்சுச் செலவு ரூ. 60-உம், கிடங்கு முதலியவற்றின் ரூ. 15-உம் இல்லை. எழுத்தாளருக்கு அதே ரூ. 20, பதிப்பாளருக்கு அதே ரூ. 35, ஆக ரூ. 55 கிடைத்தால் இருவருக்கும் நட்டமில்லை. அவ்வாறாயின் வாசகருக்கு என்ன விலை வைக்கலாம்?

அது இடையில் நிற்பவர் எடுக்கும் பங்கைப் பொறுத்தது. பதிப்பகம் தன் சொந்த இணையதளத்தில் விற்று, பணம் பெறும் செலவுக்கு 5 விழுக்காடு மட்டும் இழந்தால் விலை ரூ. 58 போதும். விற்பனைத் தளம் 30 விழுக்காடு எடுத்தால் ரூ. 79 ஆகும். தளம் 65 விழுக்காடு எடுத்தால் விலை ரூ. 157-ஐத் தொட்டுவிடும். அமேசான் கிண்டில் தளத்தில் தாமே வெளியிடும் எழுத்தாளர்க்கு இரு வழிகள் உள்ளன. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் 70 விழுக்காடு எழுத்தாளருக்கு. இல்லையேல் 35 விழுக்காடே. ஆகவே மேலே கண்ட 30-உம் 65-உம் வெறுங் கற்பனை எண்கள் அல்ல.

இக்கணக்கிலிருந்து நாம் அறிவது என்ன? அச்சுச் செலவு நீங்கியதால் விலை குறைய இடமுண்டு. ஆனால் தாளிலும் மையிலும் மிச்சமாவதை இடைத்தளமே விழுங்கிவிட்டால், வாசகருக்கும் பயனில்லை, எழுத்தாளருக்கும் பயனில்லை.

இன்னொரு கூறும் கவனிக்கத்தக்கது. மின்னூல் விலையை ரூ. 79 ஆக்கிவிட்டு, "உரிமைத்தொகை வழக்கம்போல் 10 விழுக்காடு" என்று ஒப்பந்தம் எழுதினால் எழுத்தாளருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ரூ. 8. விழுக்காடு மாறவில்லை, கையில் விழும் காசு மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. முன்பு பெற்றதைப் பெற அவருடைய நூல் இரண்டரை மடங்கு விற்றாக வேண்டும். விலைக்குறைப்பின் சுமை ஓசையின்றி எழுத்தாளர் தலையில் இறங்கும் வழி இது.

சிறு வாசகர் வட்டத்தின் சிக்கல்

இதுகாறும் கண்டது அச்சிலும் வந்து மின்னூலாகவும் வரும் நூலைப் பற்றியது. மின்னூலாக மட்டுமே வரும் நூலின் கதை வேறு. மேற்கண்ட ரூ. 35 என்பது 500 படிகள் விற்கும் என்ற நம்பிக்கையில் பிரித்த பங்கு எனக் கொள்வோம். அப்படியானால் முதற்படிச் செலவும் ஊதியமும் சேர்ந்து ரூ. 17,500. இத்தொகையை மின்னூல் தனியே தாங்க வேண்டும். 2,000 பேர் வாங்கினால் ஒரு படிக்கு ரூ. 9-க்கும் குறைவே, எழுத்தாளருக்கு ரூ. 20 கொடுத்தும், தளத்துக்கு 30 விழுக்காடு கொடுத்தும், ரூ. 41-க்கு விற்றுவிடலாம். 100 பேர் மட்டுமே வாங்கினாலோ ஒரு படிக்கு ரூ. 175 ஆகிறது, விலை ரூ. 279 வைத்தாக வேண்டும். அச்சுநூலையும் விஞ்சிய விலை இது!

ஆக, மின்னூலின் விலையைக் குறைப்பது தாள் இல்லாமை மட்டுமன்று; வாசகர் தொகையே பெரிதும் குறைக்கிறது. ஆங்கில நாவலுக்கு உலகெங்கும் வாசகர் உண்டு. நாஞ்சில் நாட்டு நெல் வகைகளைப் பற்றியோ தோற்பாவைக் கூத்தைப் பற்றியோ தமிழில் எழுதப்படும் ஆய்வு நூலுக்கு வாசகர் சிலரே. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்து, "அது இவ்வளவு மலிவாயிற்றே, இது ஏன் இல்லை?" என்று கேட்பது முறையாகாது.

பூச்சந்தை உணர்த்தும் உண்மை

விலை என்பது செலவை மட்டும் பொறுத்ததன்று என்பதற்குத் தோவாளைப் பூச்சந்தையைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஓணத்துக்கு முந்திய நாள்களிலும் முகூர்த்த நாள்களிலும் பிச்சியும் மல்லிகையும் விலை ஏறும். அடுத்த சில நாள்களில் விலை சரியும். இரு நாளிலும் பூப்பறித்தவர் கூலி ஏறத்தாழ ஒன்றே. மாறுவது வேண்டுவோர் தொகையும் வரத்தின் அளவுமே. அன்றியும் பூ வாடும் பொருள். உச்சி தாண்டிய பின் வந்த விலைக்குத் தள்ளியே ஆக வேண்டும்.

மின்னூல் இதற்கு நேர்மாறானது. அது வாடாது, வரத்துக் குறையாது. எத்தனை பேர் கேட்டாலும் அத்தனை படியும் நொடியில் கிடைக்கும். எனவே வரத்துக் குறைவினால் விலை ஏறுதல் என்னும் சந்தை விதி இங்கே தானாக இயங்குவதில்லை. விலையை யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்தாக வேண்டும். யார் தீர்மானிக்கிறார், எவர் நலம் கருதித் தீர்மானிக்கிறார் என்னும் வினா எழுவது இதனால்தான்.

நம் சந்தை உணர்த்தும் இரண்டாவது உண்மையும் உண்டு. உதிரிப்பூவை நிறுத்து விற்கிறார்கள். ஆனால் அரளிப்பூவும் நொச்சியிலையும் கொண்டு மடித்துத் தொடுக்கும் மாணிக்கமாலையை யாரேனும் நிறுத்து விற்பாரா? அதில் விலை பெறுவது பூவின் எடையன்று, கையின் திறன். தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அத்திறனுக்காகவே. நூலிலும் தாள் உதிரிப்பூ; எழுத்து மாலை. தாளின் எடை நீங்கியது என்பதற்காகத் தொடுத்த கைக்குக் கூலி இல்லை எனல் ஆகாது.

மலிவுக்கு விலை கொடுத்தவர்கள்

தமிழ் மாணவர் மலிவு நூல்களை முன்பும் கண்டதுண்டு. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் சங்க இலக்கியம் முதலியவற்றைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டார். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட உருசிய இலக்கிய மொழிபெயர்ப்புகள், நல்ல தாளில், உறுதியான கட்டில், வியப்பூட்டும் குறைந்த விலையில் நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியே நம் ஊர்களை வந்தடைந்தன. அவை மலிவாக இருந்ததற்குக் காரணம் அவற்றின் செலவு குறைவு என்பதன்று. செலவைச் சோவியத் அரசு ஏற்றது என்பதே. 1991-இல் அவ்வரசு மறைந்தது. அம்மலிவு நூல்களின் வரவும் நின்றது.

இது மின்னூலுக்கும் பொருந்தும். 1998 பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கி வைத்த மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் தந்து வருகிறது. அங்கே விலை கொடுப்பவர்கள், ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் உதவிய உலகெங்குமுள்ள தமிழன்பர்கள். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் மின்னூலகம் நடத்துகிறது. அங்கே விலை கொடுப்பது அரசு, அதாவது வரி செலுத்தும் மக்கள். 2013 முதல் இயங்கும் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளத்தில், எழுத்தாளர்கள் தாமே மனமுவந்து பொது உரிமத்தில் நூல்களை வழங்குகின்றனர். இலவசம் என்று எதுவும் இல்லை. கொடுப்பவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

சட்டமும் இங்கே ஓர் எல்லை வகுத்துள்ளது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி இன்று உரிமை எழுத்தாளர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மறைந்தது 1954-இல். அவர் வாழ்நாளில் வெளிவந்த 'மலரும் மாலையும்' போன்ற நூல்களை இன்று எவரும் வெளியிடலாம். அவற்றை மின்னூலாக்கி உயர்ந்த விலை கேட்பதற்கு நியாயம் குறைவு. 2005-இல் மறைந்த சுந்தர ராமசாமியின் படைப்புகளுக்கோ 2065 முடியும் வரை உரிமை உண்டு. இவ்விருவகை நூல்களுக்கும் ஒரே விலை நீதி பேசுதல் பொருந்தாது.

வாங்குவது நூலா, உரிமமா?

விலையை ஆராயும்போது, கொடுக்கும் காசுக்கு என்ன பெறுகிறோம் என்றும் பார்க்க வேண்டும். அச்சுநூலை வாங்கியவர் அதனை நண்பருக்கு இரவல் தரலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், படித்து முடித்தபின் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு விற்கலாம். ஒரே பாடநூல் மூன்று தலைமுறை மாணவர் கைகளில் தவழ்வதை நாம் கல்லூரியில் காண்கிறோம். மூவரும் பகிர்ந்துகொண்டால் ரூ. 200 நூலின் விலை தலைக்கு ரூ. 67-தான்.

மின்னூலிலோ பெரும்பாலும் நாம் வாங்குவது படிக்கும் உரிமம் மட்டுமே. விற்க இயலாது; இரவல் தருவது அரிது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் ஒன்றின் காரணமாக, வாசகர் பணம் கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை அவர்தம் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் மன்னிப்பும் கேட்கப்பட்டது. ஆனால் கடைக்காரர் இரவில் வீடு புகுந்து அலமாரியிலிருந்து நூலை எடுத்துச் செல்ல இயலும் என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும், வாங்கியவர்களின் நூல்கள் மறைந்தன, பணமே திரும்பியது.

மறுபுறம், மின்னூலுக்கே உரிய நன்மைகளும் உள. எழுத்தைப் பெரிதாக்கலாம், ஒரு சொல்லை நொடியில் தேடலாம், பார்வையற்ற மாணவர் கருவியின் குரல் வழியே கேட்கலாம். தோவாளையிலிருப்பவரும் டொராண்டோவிலிருப்பவரும் ஒரே நொடியில் பெறலாம். தபாற்செலவு இல்லை. ஆகவே மின்னூல் தாழ்ந்த பொருளன்று. ஆயினும் உடைமையுரிமை குறைந்த பொருள். உரிமை குறைந்தால் விலையும் குறைதலே நீதி. தாள் இல்லை என்பதைவிட வலிமையான காரணம் இது என்பது என் கருத்து.

வரியின் பங்கு

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அச்சுநூலுக்கு வரி இல்லை. மின்னூலுக்கோ 18 விழுக்காடு. 2018 ஜூலையில் மின்னூலுக்கு வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அச்சு வடிவமும் உடைய நூல்களுக்கே அச்சலுகை அளிக்கப்பட்டது. அச்சேறும் வசதியின்றி மின்னூலாக மட்டும் தன் முதற்படைப்பை வெளியிடும் இளைஞனுக்கு அது எட்டவில்லை. வசதி குறைந்தவனுக்கு வரி கூடுதல் என்பது விந்தையன்றோ?

பிரிட்டன் 2020 மே முதல் மின்னூலுக்கும் அச்சுநூலைப் போலவே வரியை முற்றும் நீக்கியது. பிரான்சு நாடு அச்சுநூல் விலையைப் பதிப்பாளரே நிர்ணயிக்க வேண்டும் என 1981-இல் சட்டம் செய்து, 2011-இல் மின்னூலுக்கும் அதுபோன்ற சட்டம் இயற்றியது. பெருங்கடைகள் விலையைக் கண்டபடி வெட்டிச் சிறு கடைகளை அழித்துவிடலாகாது என்பதே இதன் கருத்து. அமெரிக்காவில் நடந்ததோ வேறு. அங்கே 2010-இல் ஆப்பிள் நிறுவனமும் பெரும் பதிப்பகங்கள் ஐந்தும் இணைந்து மின்னூல் விலையை உயர்த்தின என்று அரசு 2012-இல் வழக்குத் தொடுத்தது. 2013-இல் ஆப்பிள் குற்றமிழைத்தது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலை மிகத் தாழ்ந்தாலும் தீங்கு, கூடிப் பேசி உயர்த்தினாலும் தீங்கு என்பதை இவ்விரு நாடுகளின் பட்டறிவும் காட்டுகிறது.

மலிவு மின்னூல் அச்சை அழிக்குமா?

மின்னூலை மலிவாக விற்றால் அச்சுநூலை யார் வாங்குவார் என்று பதிப்பாளர் அஞ்சுவதுண்டு. இவ்வச்சத்துக்கு மறுமொழி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகன், மகாபாரதத்தை மறுபுனைவு செய்யும் 'வெண்முரசு' நாவல் வரிசையை 2014 சனவரி முதல் நாள் தொடங்கி 2020 வரை, நாள்தோறும் ஓர் அத்தியாயமாகத் தம் இணையதளத்தில் கட்டணமின்றி வெளியிட்டார். 26 நாவல்கள்! இணையத்தில் இலவசமாகக் கிடைத்தும் அவை அச்சுநூல்களாகவும் வந்தன, வாங்குவோரும் இருந்தனர். திரையில் படித்தவர் அலமாரியில் வைக்கவும் விரும்பினர் என்பதே பொருள்.

எல்லா எழுத்தாளர்க்கும் இது கைகூடும் எனல் மிகை. பெயர் பெற்றவர்க்குக் கிடைப்பது புதியவர்க்குக் கிடைக்காமற் போகலாம். ஆயினும் மலிவு என்பதாலேயே அச்சு அழியும் என்ற கூற்று நிலைபெறாது என்பதற்கு இது போதும். உண்மையான பகை மலிவு மின்னூலன்று, திருட்டுப் படியே. கைப்பேசிக் குழுக்களில் உரிமையாளர் இசைவின்றிச் சுற்றிவரும் நூற்படிகளால் எழுத்தாளருக்கு ஒரு காசும் இல்லை. மின்னூல் கிடைக்காமலிருப்பதும், கிடைத்தாலும் அச்சுநூல் விலையிலேயே இருப்பதும், பல மாணவரை அவ்வழிக்குத் தள்ளுகின்றன. தேநீர் இரண்டு மூன்று குடிக்கும் காசுக்கு நல்ல மின்னூல் கிடைக்குமானால், திருடிப் படிக்க மனம் கூசுவோர் பெருகுவர்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. அச்சிலும் வெளிவரும் நூலின் மின்வடிவம் அச்சுநூலைவிடக் குறைந்த விலைக்கே விற்கப்பட வேண்டும். தாள்செலவு இல்லாமையும், வாங்குவோர்க்கு உடைமையுரிமை குறைதலும் இதற்குக் காரணங்கள். நாம் கண்ட கணக்கின்படி அச்சுநூல் விலையில் பாதிக்கும் கீழே விற்க இயலும்.

2. விலை குறையும்போது எழுத்தாளரின் உரிமைத்தொகை விழுக்காட்டால் அன்றி ரூபாயால் காக்கப்பட வேண்டும். அச்சுப்படி ஒன்றுக்கு அவர் பெறும் தொகையேனும் மின்படி ஒன்றுக்கும் கிடைத்தல் வேண்டும். குறைப்பின் சுமை இடைத்தளத்தின் பங்கில் இறங்குவதே முறை.

3. மின்னூலாக மட்டும், சிறு வாசகர் வட்டத்துக்காக வரும் ஆய்வு நூல்களுக்கு இவ்விதியைத் திணித்தல் தவறு. அத்தகைய நூல்களைப் பொது நூலகங்களும் கல்லூரி நூலகங்களும் வாங்கி ஆதரித்தால்தான் அவை பிழைக்கும்.

4. உரிமைக்காலம் முடிந்த நூல்களும், மக்கள் வரிப்பணத்தால் உருவான நூல்களும் மின்வடிவில் கட்டணமின்றிக் கிடைத்தல் வேண்டும்.

5. அச்சுநூலுக்கு வரி இல்லையெனில் மின்னூலுக்கும் வரி இருத்தலாகாது. எழுத்து எவ்வடிவிலும் எழுத்தே.

மாணவ நண்பர்களே! மலிவாக வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. நம்மிற் பலர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர். நூலுக்கு விலை கூடினால் நமக்குக் கல்வி குறையும். ஆனால் நாளை நம்மில் ஒருவர் எழுதுவார். அவர் எழுத்துக்கும் விலை வேண்டும். படிப்பவனாக நின்று ஒரு விலையும், எழுதுபவனாக நின்று வேறொரு விலையும் கேட்காமல், இரு நிலையிலும் ஏற்கத்தக்க விலை எதுவோ அதுவே நியாய விலை. அதனைக் கேட்டுப் பெறுவோம். கேட்ட விலையைக் கொடுத்தும் படிப்போம்.